மலர் தந்த கிழங்கு

மழை வரத்தான் போகிறது, வந்தால் இந்தப் பூக்கள் எல்லாம் தலைகுப்புற விழும், விழுந்தால் இதழ்களுக்குள் தண்ணீர் தேங்கி ஒரே நாளில் பழுப்படித்துப் போகும், அதனால் இப்போதே வெட்டிவிடவேண்டும் என்று கத்தரிக்கோலோடு பின்வளவுக்கு இறங்கி வந்த நகுலேஸ்வரி இன்னும் ஒரு தண்டைக்கூட வெட்டவில்லை. கனடாவின் இந்த ஸ்காபரோ வானம் காலையிலேயே ஈயச்சட்டியின் அடிபோல இருண்டு கிடந்தது. உள்ளே புருசன் விக்னராசா வெள்ளைச் சட்டைக்கு அயர்ன் போடுகிறார், அந்தச் சூட்டு வாசனை யன்னலால் வருகிறது, அதோடு இந்தப் பியோனிப் பூக்களின் வாசனையும் கலந்து கிடக்கிறது. வெறும் வயிறு. செத்தவீட்டுக்குப் போக முதல் ஒன்றும் சாப்பிட மனமில்லை என்று தேத்தண்ணியோடு நிறுத்திவிட்டாள். சிநேகிதி மலரைப் பார்வைக்கு வைத்திருக்கும் இடத்துக்கு ஊரில் மலர்ச்சாலை என்றுதான் சொல்வார்கள். மலர்ச்சாலையில் மலர். இதை மலரிடம் சொல்லியிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள், என்று நினைத்த அதே கணம், இனி அவளிடம் ஒன்றும் சொல்ல ஏலாது என்பது புதிதாகத் தெரிந்ததுபோல நெஞ்சில் வந்து இடித்தது. இனி என்ன இனி. இத்தனை வருசமும் சொன்னாயா? ஒரே பட்டணத்தில், பஸ்ஸில் ஏறினால் அரைமணித் தூரத்தில் இருந்துகொண்டு சொன்னாயா? நேற்றுப் பின்னேரம் கௌரீசன் போன் எடுத்தபோதுகூட அவள் முதலில் நினைத்தது, மலரின் வீட்டு ஆட்கள் தன்னை வரவேண்டாம் என்று சொல்லப்போகிறார்கள் என்றுதான். கௌரீசன் மலரின் தமக்கை பூமணியக்காவின் மகன். கடைசிவரை மலரைப் போய்ப் பார்த்துக்கொண்டவன். அவன் சண்டைக்கு வரவில்லை, மெதுவாகத்தான் கேட்டான். சின்னம்மாவுக்கு என்ன உடுப்பு உடுத்துகிறது என்று வீட்டில் பிரச்சினையாய்க் கிடக்கிறது அன்ரி, அப்பாவின் தங்கச்சி மாமி சொல்லுகிறா வெள்ளைச் சேலைதான் கட்டவேண்டும், பொட்டு வைக்கக்கூடாது, இத்தனை வருசமாய்ச் சித்தப்பாவைக் காணவில்லை என்றால் ஆள் இல்லைத்தானே என்று. அம்மா ஒன்றும் பேசாமல் இருக்கிறா. சின்னம்மா கடைசிவரை பொட்டும் தாலியுமாய்த்தான் இருந்தவ. நீங்கள் அவவோடு கனகாலம் பழகினனீங்கள், அவவின் மனம் உங்களுக்குத்தான் தெரியும், நீங்கள் சொன்னால் மாமியும் கேட்பா. காலமைக்குச் சொல்லுறன் தம்பி என்று நகுலா வைத்துவிட்டாள். காலமையும் வந்துவிட்டது. சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று அவன் அங்கே காத்துக்கொண்டிருப்பான், இவள் இங்கே பூவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

ஒரு மொட்டில் எறும்பு ஊர்ந்தது. மொட்டின் மேலே சீனிப்பாகு மாதிரி ஒன்று கசியும், அதை நக்கத்தான் எறும்பு வரும், அது செடிக்கு ஒன்றும் செய்யாது, விடு, என்று மலர் சொன்னது. முதன்முதல் இரண்டொரு மொட்டு வந்த வருசம் நகுலா சவர்க்காரத் தண்ணி தெளித்து எறும்பையெல்லாம் கொன்றுபோட்டு மலரிடம் பேச்சு வாங்கினாள். எல்லாமே மலர் சொன்னதுதான். அந்தக் கிழங்கைக் கொண்டுவந்த நாள் புரட்டாதி மாதத்து நல்ல வெய்யில். பழைய துவாய் ஒன்றில் குழந்தையைச் சுற்றினமாதிரிச் சுற்றிக்கொண்டு வந்தாள். மரவள்ளிக்கிழங்கா என்று விக்னராசா கேட்டார். அவள் குடியிருந்த வீட்டுக்காரப் போலந்துக் கிழவியின் வளவில் இருந்த தூரைக் கிண்டி, வாங்கின சாமான்போல இல்லாமல், மண்ணோடு மண்ணாய், கத்தியால் மூன்றாய்ப் பிளந்து ஒரு துண்டு. உருளைக்கிழங்கில் இருக்கிறமாதிரி அதிலும் கண்கள் இருந்தன, சிவப்பாய், பூனைக்குட்டியின் மூக்குப்போல. ஆழமாய்த் தாட்டுவிடாதே நகுலா, இரண்டு விரலுக்கு மேல் மண் போகக்கூடாது, குளிர் படவேண்டும் இதுக்கு, குளிர் பட்டால்தான் பூக்கும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள். நகுலா கேட்டாளா? பனி கொட்டத் தொடங்கினபோது, ஐயோ இந்தக் குளிரில் இது செத்துப்போகும் என்று, மலருக்குத் தெரியாமல் மேலே இன்னும் மண் போட்டு, சருகு போட்டு, பழைய சாக்கும் போட்டு மூடிவிட்டாள். மூன்று வருசம் இலை மட்டும் வந்தது. நல்ல பச்சை இலை, பூ இல்லை. மலர் ஒருநாள் வந்து விரலால் மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டுத் தலையிலே கை வைத்தாள். அன்பு காட்டுகிறேன் என்று இப்படிப் புதைச்சு வைச்சிருக்கிறாயே என்றாள். அன்றைக்கே இருவரும் சேர்ந்து தூரைத் தூக்கி மேலே நட்டார்கள். இடம் மாற்றினால் கோவிக்கும், இன்னும் இரண்டு வருசம் பொறுக்கவேண்டும் என்றாள் மலர். அதற்குள் சோதி வந்திடுவார் என்றும் தன் புருசனைச் சொன்னாள், சந்தைக்குப் போனவரைச் சொல்லுகிறமாதிரி.

அதைத்தான் யோசிக்கவேண்டும். அவள் எப்போதும் அப்படித்தான் சொல்லுவாள். சோதிலிங்கத்தைக் கொழும்புக்குப் போகும் வழியில் பஸ்ஸை மறித்து இறக்கிக்கொண்டு போனார்கள். இறக்கியவர்கள் ஆர் என்று பஸ்ஸில் இருந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். மலர் கையிலே அவருடைய சாப்பாட்டுப் பாசலோடு சீற்றில் இருந்தாளாம். இப்ப வாறன் என்றுவிட்டு இறங்கினாராம். கல்யாணம் முடித்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. அந்தக் கதையை மலர் ஒரேயொரு தரம்தான் சொன்னாள், பிஸ்கற் பக்டரியில் இரண்டு பேரும் ஒரே பெல்ற்றில் நின்று பெட்டி அடைத்த காலத்தில், இடைவேளையில், கையுறையைக்கூடக் கழற்றாமல். பிறகு ஒருபோதும் அந்த பஸ் கதை இல்லை. பிறகு எல்லாம், சோதிக்குக் குளிர் ஒத்துவராது, சோதி வந்தால் முதலில் ஒரு நல்ல கோட் வாங்கவேண்டும், சோதிக்குப் பாகற்காய் பிடிக்காது. நகுலாவும் அப்படியே கதைத்தாள். என்ன, இந்தச் சட்டை சோதிக்குப் பெரிசாய் இருக்குமோ என்று கடையில் நின்று கேட்டிருக்கிறாள். பொய்யாகக் கேட்டாளா? இல்லை. அந்த நேரத்தில் அவள் அறியாமல் அவளும் நம்பினாள். அல்லது நம்புகிறமாதிரி ஒரு வெளிச்சம் மலரின் முகத்திலிருந்து இவளுக்கும் கொஞ்சம் பட்டது. கிழவி செத்து வீடு விற்றபோது, வாங்கினவரிடம் கெஞ்சி அந்தக் கீழ்வீட்டிலேயே வாடகைக்கு இருந்தாள் மலர். தமக்கை வீட்டுக்கு வா என்று கூப்பிட்டும் போகவில்லை. ஊரிலே எல்லாரிடமும் இந்த முகவரியைத்தான் கொடுத்து வைத்திருக்கிறேன், அவர் தேடி வந்தால் நான் இங்கே நிற்கவேண்டாமா என்றாள். பியோனியும் அப்படித்தானாம், இடம் மாற்றாமல் விட்டால் நட்டவரைவிடக் கூடக்காலம் இருக்குமாம்.

நகுலா ஒரு தண்டைப் பிடித்தாள். பூ கனத்தது, இளம் ரோசா நிறம், நடுவில் வெள்ளை, கையில் வாங்கினால் கோழிக்குஞ்சு ஏந்தினமாதிரி. வெட்டினாள். இலையோடு சேர்த்து வெட்டாதே, இலையை விட்டால்தான் அடுத்த வருசத்துக்குக் கிழங்கு தேறும், அதுவும் மலர். வாளியில் வைத்தாள். மகள் நிரோஜாவின் கல்யாணத்துக்கு மலர் கொண்டுவந்தது இப்படி ஐந்தாறு வாளி. அதற்காக எத்தனை நாள் ஆயத்தம் செய்தாளோ. மொட்டு பஞ்சுபோல மெத்தென்று வரும் பதத்தில் வெட்டி, பேப்பரில் சுற்றி, ஃபிரிட்ஜில் இருந்த மரக்கறியெல்லாம் தூக்கி வெளியே வைத்துவிட்டு அடுக்கி வைத்தாளாம், எல்லாம் கல்யாணத்தன்று ஒன்றாய் விரியவேண்டும் என்று. விரிந்தன. மண்டபத்தில் காலடி வைத்தவர்கள் எல்லாரும் வாயிலே கை வைத்தார்கள். மணவறையின் இரண்டு பக்கமும், மாப்பிள்ளை நடந்து வரும் வழியிலும், ரோசாவும் வெள்ளையுமாய். மலர் மாம்பழ நிறத்தில் பட்டுச் சேலை கட்டி, பெரிய குங்குமப் பொட்டோடு, தண்ணி ஊற்றிக்கொண்டு ஓடித் திரிந்தாள். மலர் அன்ரிதான் எனக்கு ஆரத்தி எடுக்கவேண்டும் என்று நிரோஜா முதலே சொல்லிவைத்திருந்தாள். சின்ன வயதில் தூக்கி வளர்த்த கை. நகுலாவும் ஓமென்றிருந்தாள். மனப்பூர்வமாய்த்தான் ஓமென்றாள், அது சத்தியம். பிறகு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் பக்கத்தில் வந்து நின்று, தட்டோடு நின்ற மலரைப் பார்த்து, சாதாரணமாய்த்தான் கேட்டா. உவ ஆர், உங்கடை சொந்தமோ, உவவின் அவர் வரேல்லையோ என்று. அவ்வளவுதான் கேள்வி. ஊரில் நிற்கிறார் என்று சொல்லியிருக்கலாம். வருவார் என்று சொல்லியிருக்கலாம். அவர் இருக்கிறார் என்ற ஒரு சொல் போதும், அந்த மனுசி தலையாட்டிக்கொண்டு போயிருக்கும். ஆனால் அந்த ஒரு நொடியில், நாளைக்கு என் பிள்ளைக்கு ஏதும் ஒன்று நடந்தால் என்று அடிவயிற்றிலிருந்து ஒரு பயம் கிளம்பி வந்து நாக்கைப் பிடித்துக்கொண்டது. நகுலா சிரித்து மழுப்பினாள். பிறகு மலரின் பக்கத்தில் போய், நீ விடியத்தொட்டு நிற்கிறாய், களைச்சுப்போனாய், தட்டை மச்சாள் கமலாவிடம் குடன் என்றாள். எவ்வளவு இரக்கமான குரலில் சொன்னாள்! அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் தன் வாயைத் தானே பொத்தவேண்டும் போலிருக்கும். மலர் முதலில் விளங்காமல், எனக்கென்ன களைப்பு என்று சிரித்தாள். பிறகு நகுலாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அங்கே நின்ற சம்பந்தியைப் பார்த்தாள். தட்டின் நடுவில் கற்பூரம் இன்னும் கொளுத்தவில்லை. தட்டைக் கமலாவின் கையில் கொடுத்துவிட்டு, இவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரிக் கேட்டாள்.

"அப்ப நீயும் அவரைச் செத்துப்போனார் எண்டே வைச்சிருந்தனி?"

நாதஸ்வரம் தொடங்கிவிட்டது, ஆர் ஆரோ கூப்பிட்டார்கள், அதனால் சொல்லவில்லை என்று நகுலா பிறகு பல தடவை தனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நாதஸ்வரம் வாசிக்காவிட்டால் என்ன சொல்லியிருப்பாய்? மலர் கோவித்துக்கொண்டு எழும்பிப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் போகவில்லை. சனத்தோடு சனமாய்ப் பந்தியில் இருந்து சாப்பிட்டாள், பொம்பிளை மாப்பிள்ளையோடு படம் எடுத்தாள், நிரோஜாவைக் கொஞ்சினாள், வெறும் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். பூவை எடுத்தோம், கையை வேண்டாம் என்றோம். அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. நிரோஜா மட்டும் போய்வந்துகொண்டிருந்தாள். அன்ரி ஏன் வாறேல்லை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காததிலேயே அவளுக்குத் தெரியும் என்று தெரிந்தது.

வாளி நிரம்பிக்கொண்டு வந்தது. ஒன்று வெட்டத் தொடங்கிவிட்டால் கை தானே போகிறது. கல்யாணம் முடிந்த அடுத்த வருசம்தான் இந்தச் செடி முதன்முதலாய் வாரிக்கொட்டிப் பூத்தது. அதைக் கண்டதும் நகுலாவுக்கு ஒரு யோசனை வந்தது, பூவை வெட்டிக்கொண்டு மலரிடம் போவது, உன்ரை கிழங்கு பூத்திருக்கு பார் என்று தொடங்குவது, மற்றதெல்லாம் தானாய் வரும். வெட்டிக் காரில் வைத்து விக்னராசாவை ஓட்டச் சொல்லி மலரின் தெருவரைக்கும் போனாள். மலர் முன்வளவில் குனிந்து நின்று, சாய்ந்த தண்டுகளைத் துணிக்கிழிசலால் தடியோடு கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய பூக்கள் இவளுடையதைவிடப் பெரிசு. அந்த முதுகைப் பார்த்ததும் முதல் சொல் மறந்துபோயிற்று. நிற்பாட்டாதேங்கோ, போங்கோ என்றாள். விக்னராசா காரை மெதுவாக்கினார், திரும்பிப் பார்த்தார், பிறகு போனார். வழிநெடுக மடியில் பூ உதிர்ந்தது. வீட்டுக்கு வந்தபிறகு, இறங்கிப் போயிருக்கலாம் நீர் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆனியிலும் போவதாகத்தான் இருந்தாள். ஒரு வருசம் மழை அடித்து எல்லாவற்றையும் சேற்றில் படுக்கவைத்தது, வெறுங்கையோடு எப்படிப் போகிறது. ஒரு வருசம் சித்திரையில் பனி கொட்டி மொட்டுக் கருகியது. ஒரு வருசம் நன்றாய்ப் பூத்து, இன்றைக்கு நாளைக்கு என்று உதிர்ந்தே போயிற்று. பூக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே காலம் போய்விட்டது. பூவா தடுத்தது? பூ இல்லாமல் ஒருத்தி இன்னொருத்தியின் வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது என்று ஏதும் இருக்கிறதா? மார்கழியில் நிரோஜா வந்து, மலர் அன்ரிக்கு வயிற்றில் கட்டி, பரவிவிட்டதாம் அம்மா, இனி வைத்தியமில்லையாம், வேணுமெண்டால் நான் கூட்டிக்கொண்டு போறன் என்றபோதும் இந்தச் சனியன் பிடித்த மனம் என்ன சொன்னது? பூக்கட்டும் என்றது. வெளியே முழங்கால் அளவு பனி, செடி இருந்த இடம்கூடத் தெரியவில்லை. அப்போதும் அதுதான் நினைப்பு. பனி உருகி, சிவப்பு முளை கிளம்பி, தண்டு நீண்டு, மொட்டுப் பிடித்து, மொட்டு இன்னும் பச்சையாய்க் கல்லுப்போல இருக்கும்போது மலர் போய்விட்டாள். அவள் போனபிறகுதான் இவை விரிந்தன. நிரோஜா பாவம், அம்மா நீங்கள் ஒருக்கா வந்திருந்தால் அவ சந்தோசப்பட்டிருப்பா என்று சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அழுதாவது இருக்கலாம்.

முதல் துளி கழுத்தில் விழுந்தது. வெட்ட இன்னும் கொஞ்சம் கிடந்தது. பின்கதவைத் திறந்துகொண்டு விக்னராசா வந்து நின்றார், ஒரு கையில் அவருடைய டை, மற்றக் கையில் அவளுடைய போன்.

"அந்தப் பெடியன் இரண்டுதரம் எடுத்திட்டான். நான் தூக்கேல்லை. நீர்தான் சொல்லவேணும்."

"என்ன சொல்லுறது?"

அவள் கேட்டது சேலையைப் பற்றி மட்டுமல்ல, கல்யாண மண்டபத்தில் சொல்லாமல் விட்டதைப் பற்றியும்தான் என்பது அவருக்குத் தெரியும். போனைக் கொடுத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

உண்மை என்ன? உண்மை எல்லாருக்கும் தெரியும். அப்படி இறக்கிக்கொண்டு போன ஒருவர் இத்தனை காலத்துக்குப் பிறகு எங்கிருந்து வரப்போகிறார். மாமி சொல்வது கணக்குப்படி சரிதான். மலருக்கும் தெரியாமலா இருந்திருக்கும், ஏதோ ஒரு இரவில், ஏதோ ஒரு பனிக்காலத்தில் அவளும் அதைத் தனியே பார்த்திருப்பாள். பார்த்துவிட்டும் அடுத்த நாள் எழும்பி, குளித்து, பொட்டு வைத்தாளே. அது என்ன பிடிவாதம், அல்லது பிடிவாதமே இல்லையோ, அது ஒரு வேலை, செய்யாவிட்டால் அவர் செத்துப்போவார் என்று ஒவ்வொரு நாளும் செய்த வேலை. நகுலா நம்பரை அழுத்தினாள். போன் ஒருதரம் அடிக்க முதலே கௌரீசன் எடுத்தான்.

"தம்பி, கல்யாணத்துக் கூறைச்சேலைதான் கட்டவேணும். வைச்சிருப்பா, அலுமாரியில பாருங்கோ. பொட்டு வடிவாய் வையுங்கோ. தாலி கழுத்தில கிடக்கட்டும்."

"சரி அன்ரி. ஆனால் மாமி கேப்பா, எப்பிடிச் சொல்லுறியள் எண்டு."

"சித்தப்பா இருக்கிறார் எண்டு சொல்லுங்கோ," என்றாள் நகுலா. "நான் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ."

சொல்லிவிட்டாள். நாக்கு ஒட்டவில்லை, வானம் இடியவில்லை, நிரோஜாவின் பிள்ளைகளுக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. இவ்வளவு லேசான சொல்லா, இதையா அன்றைக்கு விழுங்கினேன், இதற்காகவா இத்தனை வருசம், என்று உடம்பு முழுக்க ஆறாத வெட்கம் ஏறிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் கௌரீசன் போனை வாயிலிருந்து எடுத்துவிட்டு அறையில் இருந்தவர்களுக்குச் சொல்வது கேட்டது. நகுலா அன்ரி சொல்லுறா, சித்தப்பா இருக்கிறாராம். பல பெண்குரல்கள் கலகலத்துக்கொண்டிருந்த அறை சட்டென்று அடங்கியது. ஒரு கதிரை அரக்கும் சத்தம். பிறகு ஒரு கிழட்டுக் குரல், பூமணியக்காவுடையது, நேற்றிலிருந்து வாய் திறக்காத குரல், மெல்லக் கேட்டது.

"எங்கையாம்?"

அதில் நையாண்டி இல்லை. ஆரோ கண்டுவிட்டார்கள் போல, இவளுக்கு ஏதோ சேதி தெரியும் போல, உண்மையாகவே அறிய ஆசைப்பட்டுக் கேட்டா. நகுலா பின்படியில் இருந்துவிட்டாள். இருக்கிறார் என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்றல்லவா நினைத்தாள். சொன்ன அடுத்த மூச்சிலேயே எங்கே என்று வந்து நிற்கிறது. இந்தக் கேள்விக்குத்தான் மலர் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பியிருக்கிறாள், இதற்குத்தான் கோட் வாங்கவேண்டும் என்றும் பாகற்காய் பிடிக்காது என்றும் ஒவ்வொன்றாய் மறுமொழி கட்டி வைத்திருக்கிறாள். பக்கத்தில் நின்று பாதியைச் சுமக்க ஒருத்தி இருந்தாள், அவளும் ஒருநாள் கையை எடுத்துவிட்டாள். மழை பெலத்துப் பெய்யத் தொடங்கியது. வெட்டாமல் விட்ட பூக்கள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன.

"அன்ரி, லைனில நிக்கிறியளோ? பொட்டு வைக்க இஞ்சை ஆக்கள் பின்னடிக்கினம். நீங்கள் வந்து வைப்பியளோ?"

"வாறன்."

"அம்மா திருப்பித் திருப்பிக் கேக்கிறா."

"பூமணியக்காவிட்டைச் சொல்லுங்கோ," என்றாள் நகுலா, "நான் வந்து பக்கத்தில இருந்து சொல்லுறன் எண்டு." என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. நனைந்த சேலையோடு எழும்பி, காரை எடுங்கோ என்று உள்ளே கூப்பிட்டாள்.